டிபன் ஹோட்டல்களின் நூறு வருஷச் சோதனைகள்

நமது சங்கத்து அங்கத்தினர்களில் பாதிப் பேராவது உத்தியோக நிமித்தம் ஊர் விட்டு ஊர் போனவர்களாக இருப்பார்கள். பம்பாயோ, கல்கத்தாவோ, டில்லியோ, பெங்களூரோ, போய் இறங்கிய முதல் வாரத்தில் மூன்று விஷயங்களை விசாரித்திருப்பார்கள். தங்குவதற்கு ஓர் அறை, பக்கத்தில் ஒரு கோயில், வாயில் வைக்கும்படியாக ஒரு ஹோட்டல். முதல் இரண்டும் கிடைக்கச் சில நாள் தாமதமானாலும் சமாளித்துவிடலாம். மூன்றாவது அன்றைக்கே கிடைத்தாக வேண்டும்.

நான் ஒரு வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் சிறு தொழில் கடன் பிரிவில். மூன்று ஊர்களில் ஹோட்டல்காரர்கள் கொண்டு வந்த கணக்குப் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். சாம்பார் ருசியைப் பற்றியும் காபி மணத்தைப் பற்றியும் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது அந்தக் கணக்குப் புத்தகத்தின் சரித்திரத்தை. நாற்காலி போட்டு, மேஜைக்கு வந்து பரிமாறி, நடுத்தரக் குடும்பம் கட்டுப்படியாகும் விலையில் சாப்பிட்டுப் போகும்படியான ஹோட்டலுக்கு இப்போது 'கேஷுவல் டைனிங்' என்று புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் புதிது. நம் டிபன் ஹோட்டல்கள் அந்த வியாபாரத்தை நூறு வருஷமாக நடத்தி வருகின்றன.

எதிர்ச்சாரியில் இன்னொரு ஹோட்டல் திறந்ததால் ஒரு நல்ல டிபன் ஹோட்டல் மூடியதாக நான் அநேகமாகக் கண்டதில்லை. மூடியவற்றின் கணக்கைப் பார்த்தால் நான்கில் ஒரு காரணம் இருக்கும். அரிசி பருப்பு விலை, அரசாங்க உத்தரவு, கட்டடத்தின் சொந்தக்காரர், அல்லது 'எனக்கு இந்தத் தொழில் வேண்டாம்' என்று கிளம்பிப் போன பிள்ளை. இந்த நான்கையும் யார் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கிளப்பும் போர்டிங்கும்

நம் கொள்ளுத் தாத்தாக்கள் வெளியிடத்தில் சாப்பிட்டவர்கள் அல்லர். பிரயாணம் போனால் சத்திரம், இல்லாவிட்டால் உறவினர் வீடு, அதுவும் இல்லாவிட்டால் கட்டுச்சாதம். ரயில்வே ஆபீஸும், செக்ரடேரியட்டும், காலேஜும் வந்து, கல்யாணமாகாத வாலிபர்கள் பட்டணத்தில் தனியாகத் தங்கும்படி ஆன பிறகுதான் ஹோட்டலுக்கு வேலை வந்தது. முதலில் வந்தவற்றுக்குப் பெயர் 'காபி கிளப்'. பெங்களூரில் பரமேஸ்வர மையாவும் அவர் சகோதரர்களும் தென் கன்னட ஜில்லாவிலிருந்து வந்து 1924-ல் தொடங்கியது 'பிராமின் காபி கிளப்'. அதுதான் பிற்பாடு எம்.டி.ஆர். என்று பிரசித்தமான மாவள்ளி டிபன் ரூம்ஸ்.

பலகையில் இருந்த அந்த 'பிராமின்' என்ற சொல்லுக்கு அந்த நாளில் இரண்டு அர்த்தம் உண்டு. சமைப்பவர் யார் என்று வாடிக்கையாளருக்குச் சொன்னது ஒன்று. யார் எங்கே உட்காரலாம், யார் உள்ளே வரவே கூடாது என்று சொன்னது மற்றொன்று. இரண்டாவதை மறைத்துவிட்டு எழுதினால் அது சரித்திரம் ஆகாது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது ஷரத்து, ஹோட்டல்களில் ஜாதி பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று விதித்தது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஹோட்டலின் முன் பெரியாரின் கட்சியினர் 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மறியல் நடத்தினார்கள். அதைப் பற்றி நம்மில் பலருக்குப் பல அபிப்பிராயம் இருக்கலாம். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் ஒன்று தெளிவு. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் இந்த ஹோட்டல்கள் பெரிய தொழிலாக வளர்ந்தன. ஒரே சமூகத்தை நம்பியிருந்தால் மசால் தோசை இன்று இந்தியா முழுவதற்கும் பொதுப் பலகாரமாக ஆகியிருக்காது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். வெளியூர்களில் நாம் சாப்பிட்ட ஹோட்டல்களை நடத்தியவர்களில் பெரும்பாலோர் உடுப்பிப் பக்கத்து மனிதர்கள். மையா, உரால், அடிகா, ராவ், காமத், நாயக், பிற்பாடு ஷெட்டி. பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் போய் ஹோட்டல் வைத்த நம்மவர்கள் உண்டு. ஆனாலும் நாம் அநேகமாக இலையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள்தாம்.

மாடுங்காவில் நடந்த போட்டி

பம்பாய் மாடுங்கா பகுதி, நகர அபிவிருத்தி டிரஸ்ட் திட்டமிட்டு மனை பிரித்துக் கொடுத்த இடம். தென்னிந்தியக் குடும்பங்கள் அங்கே குடியேறி, 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கும் அளவுக்குப் பெருகின. அதன் பின்னாலேயே ஹோட்டல்கள் வந்தன. மைசூர் கபே 1936, மணீஸ் லஞ்ச் ஹோம் 1937, ராமாஸ்ரயா 1939, கபே மெட்ராஸ் 1940, ஏ. ராம நாயக்கின் ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942. ஏழு வருஷத்துக்குள், நடந்து போகும் தூரத்தில், ஐந்து ஹோட்டல்கள். எல்லாவற்றிலும் தென்னிந்தியச் சமையல்தான்.

இன்றைக்கு ஒருவர் இப்படி ஓர் இடத்தில் ஆறாவது ஹோட்டல் வைக்க வங்கிக்கு வந்தால், 'அங்கே ஏற்கனவே போட்டி அதிகம்' என்று இளம் அதிகாரி எழுதிவிடுவார். ஆனால் அந்த ஐந்தில் பெரும்பாலானவை 80 வருஷம் தாண்டியும் நடக்கின்றன. ஒன்று முழுச் சாப்பாட்டுக்கு, ஒன்று காலை டிபனுக்கு என்று ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வேளையையும் பதார்த்தத்தையும் வைத்துக்கொண்டது. கூட்டம் மாடுங்காவுக்கு என்று கிளம்பி வந்தது. ஓரிடத்தில் வரிசை நீண்டால் அடுத்த வாசலில் போய் நின்றது. சௌகார்பேட்டையில் துணிக்கடைகள் சேர்ந்து இருப்பதற்கும் இதே நியாயம்தான்.

அரிசியும் அரசாங்கமும்

முதல் பெரிய சோதனை அரிசியால் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. ரேஷன் வந்தது. இட்லிக்கு அரிசி இல்லாமல் இட்லி ஹோட்டல் எப்படி நடத்துவது? எம்.டி.ஆரில் அப்போது கோதுமை ரவையை வைத்துச் செய்து பார்த்ததுதான் ரவா இட்லி என்று அவர்கள் குடும்பத்தார் சொல்லி வருகிறார்கள். பஞ்ச காலத்துக்கு என்று செய்த மாற்று, பஞ்சம் தீர்ந்த பிறகும் நிலைத்துவிட்டது.

அடுத்தது 1965. யுத்தமும் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்த வேளையில், வாரத்தில் ஒருவேளை உணவை விட்டுக்கொடுக்கும்படி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தேசத்தைக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை மாலை ஹோட்டல்கள் மூடப்பட்டன. வாரத்தில் ஒரு மாலை வியாபாரம் போவது சின்ன நஷ்டமல்ல. ஆனால் ஜனங்கள் மனமுவந்து செய்தது என்பதால் ஹோட்டல்காரர்களும் தாங்கிக்கொண்டார்கள்.

எமர்ஜென்சி காலத்து விலைக் கட்டுப்பாட்டை அப்படித் தாங்க முடியவில்லை. 1975-க்குப் பின் ஹோட்டல் பதார்த்தங்களின் விலையை இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று கட்டிப்போட்டார்கள். தரத்தைக் குறைத்தால் அந்த விலைக்கு விற்கலாம். பலர் குறைத்தார்கள். தோசை சிறுத்தது, நெய் எண்ணெயானது. எம்.டி.ஆரில் தரத்தைக் குறைக்காமல், நஷ்டத்துக்கு விற்று, இன்றைக்கு இவ்வளவு நஷ்டம் என்று தினமும் வாசலில் பலகை எழுதி வைத்தார்கள். எத்தனை நாள் அப்படி நடத்த முடியும்? கடைசியில் ஹோட்டலை மூடவேண்டி வந்தது.

வேலையாட்கள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று, அதே கட்டடத்தில் மசாலாப் பொடிகளும், ரவா இட்லி போன்றவற்றுக்கான தயார் மாவுகளும் பொட்டலம் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். சமைத்த பண்டத்துக்குத்தான் விலைக் கட்டுப்பாடு, பொடிக்கு இல்லை. ஹோட்டல் பிற்பாடு மறுபடியும் திறந்தது. பொட்டல வியாபாரமோ ஹோட்டலை விடப் பெரிதாக வளர்ந்து, 2007-ல் நார்வே நாட்டு ஆர்க்லா நிறுவனம் அதை வாங்கியது. ஹோட்டல் மட்டும் மையா குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது.

கல்லெறியும் பாவ் பாஜியும்

பம்பாயில் 1966-ல் சிவசேனை தொடங்கியது. வேலைகளைத் தென்னிந்தியர்கள் பறித்துக்கொள்கிறார்கள் என்பது அதன் முதல் கோஷங்களில் ஒன்று. ஆபீஸில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்டைத் தேடிப் போவதை விட, தெருமுனையில் பலகை மாட்டியிருந்த உடுப்பி ஹோட்டல் மேல் கல் விடுவது சுலபம். அந்த வருஷங்களில் பல ஹோட்டல்களின் கண்ணாடி உடைந்தது.

ஹோட்டல்காரர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. மராத்தியில் பலகை வைத்தார்கள். கல்லாவில் இருந்தவர் மராத்தியும் ஹிந்தியும் சரளமாகப் பேசினார். பாவ் பாஜி, பஞ்சாபி சப்ஜி, அதற்கப்புறம் சைனீஸ் நூடுல்ஸ் வரை பதார்த்தப் பட்டியல் நீண்டது. சாம்பாரில் வெல்லம் கூடியது. மாடுங்காவில் பழகிய நமக்கு அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே வந்து உட்கார்ந்தவர்களில் நாம் சிறுபான்மை. குஜராத்திக் குடும்பமும் மராத்தி குமாஸ்தாவும் சேர்ந்து அந்த நாற்காலிகளை நிரப்பினார்கள். 'உடுப்பி' என்றால் பம்பாயில் தென்னிந்தியச் சாப்பாடு என்ற அர்த்தம் போய், குறைந்த விலையில் சுத்தமான சைவச் சாப்பாடு என்ற அர்த்தம் வந்தது.

காபி ஹவுஸ் கதை

இதே காலத்தில் வேறு ஒரு வழியில் நடந்தது காபி ஹவுஸ். காபிக் கொட்டை விற்பனை மந்தமாக இருந்த நாளில், ஜனங்களுக்குக் காபி பழக்க வேண்டும் என்று காபி விளம்பரக் குழு 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் காபி ஹவுஸைத் திறந்தது. பிற்பாடு காபி போர்டு அவற்றைப் பல நகரங்களில் நடத்தியது. 1950-களில் நஷ்டம் என்று சொல்லி மூடத் தீர்மானித்தார்கள். வேலை போன பரிசாரகர்களை கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் ஒன்றுசேர்த்து, 'நீங்களே எடுத்து நடத்துங்கள்' என்றார். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதே வருஷம் அக்டோபரில் டில்லியில் ஊழியர்களே நடத்தும் காபி ஹவுஸ் திறந்தது. தலைப்பாகையும் வெள்ளை உடுப்புமாகப் பரிமாறுகிறவரே பங்குதாரர்.

முதலாளி இல்லாத ஹோட்டல் நடக்குமா என்று கேட்டவர்கள் உண்டு. நடந்தது. கேரளத்திலும் கல்கத்தா காலேஜ் தெருவிலும் இன்றும் நடக்கிறது. அவர்களுக்குச் சம்பளப் பிரச்சினை குறைவு. அவர்களை ஆட்டியது நாற்காலியும் மனையும். ஒரு காபி வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அரசியல் பேசுவது காபி ஹவுஸின் பெருமை. கணக்குப் புத்தகத்துக்கு அதுவே வியாதி.

நாற்காலியின் விலை

இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம். ஒரு ஹோட்டலில் 40 நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 7 முதல் 10 வரை டிபன் நேரம். ஒருவர் 20 நிமிஷத்தில் எழுந்தால் மூன்று மணி நேரத்தில் 360 பேர் சாப்பிடலாம். 45 நிமிஷம் உட்கார்ந்தால் 160 பேர்தான். வாடகை, சம்பளம், அடுப்பு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. 'இங்கே அரசியல் பேசாதீர்கள்' என்று பழைய ஹோட்டல்களில் எழுதிப் போட்டிருந்தது எந்தக் கட்சிக்கும் பயந்து மட்டுமல்ல. நாற்காலி காலியாக வேண்டும்.

அந்த நாற்காலியையே எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தவர் பெங்களூர் ஆர். பிரபாகர். 1983-ல் ஜெயநகரில் அவர் திறந்த கபே தர்ஷினியில் உட்கார இடமில்லை. கல்லாவில் காசு கட்டிச் சீட்டு வாங்கி, கவுண்டரில் நீட்டி, தட்டை எடுத்துக்கொண்டு உயரமான மேஜையருகே நின்று சாப்பிட வேண்டும். சமையல் கண்ணெதிரே நடக்கும். பரிசாரகர் கிடையாது. நின்றபடி யாரும் முக்கால் மணி பேச மாட்டார்கள். சின்ன இடம் போதும், வாடகை குறைவு, ஆள் குறைவு, அதனால் விலையும் குறைவு. தன் முறையை அவர் ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. பலருக்குச் சொல்லிக் கொடுத்தார். சில வருஷங்களில் பெங்களூர் முழுவதும் 'தர்ஷினி', 'சாகர்' என்று முடியும் பெயர்கள் நிறைந்துவிட்டன.

உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலுக்குப் பீட்சா கடையை விடப் பெரிய போட்டி இதுதான் என்பது என் அபிப்பிராயம். அதே இட்லி, அதே காபி, குறைந்த விலை. பழைய ஹோட்டல்கள் பலவும் கீழே நின்று சாப்பிடும் பகுதி, மாடியில் குடும்பத்துக்கு நாற்காலி மேஜை, அதற்கு விலை கொஞ்சம் கூடுதல் என்று பிரித்துக்கொண்டன. 2021-ல் பெங்களூர் இந்திராநகரில் தொடங்கிய ராமேஸ்வரம் கபே கூட அடிப்படையில் இந்தத் தர்ஷினி வழியில் வந்ததே.

மனை யாருடையது

கடன் மனு வந்தால் நான் முதலில் பார்ப்பது சமையலறையை அல்ல, வாடகைப் பத்திரத்தை. முப்பது வருஷமாக நல்ல பேர் எடுத்த ஹோட்டல், நியாயமான லாபம், ஆனால் கட்டடம் வேறொருவருடையது, நகரத்தில் மனை விலை பத்து மடங்கு ஏறிவிட்டது என்றால், அந்த ஹோட்டல் தன் இடத்தில் தானே விருந்தாளி.

சென்னைக்காரர்களுக்கு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் நினைவிருக்கும். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கிய கே. கிருஷ்ண ராவின் குழுமம், 1962-ல் கதீட்ரல் ரோட்டில் மரநிழலில் திறந்தது. காருக்குள்ளேயே தட்டு வரும். குத்தகை விவகாரம் கோர்ட் வரை போய் 2008-ல் மூடப்பட்டது. 2010-ல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தது. கூட்டம் குறைந்து மூடிய ஹோட்டல் அல்ல அது. பெங்களூர் எம்.ஜி. ரோடு காபி ஹவுஸும் அப்படியே. ஐம்பது வருஷம் இருந்த இடத்தை, கட்டடச் சொந்தக்காரரோடு நடந்த வழக்கில் தோற்று 2009-ல் காலி செய்தார்கள். சர்ச் ஸ்ட்ரீட்டில் வேறு இடம் பிடித்து நடத்துகிறார்கள். டில்லி கனாட் பிளேஸில் மெட்ராஸ் ஹோட்டல் போய்விட்டது. பஸ் நிறுத்தத்தின் பெயரில் மட்டும் அது நின்றது.

ஆள் விஷயமும் இப்படித்தான். ஒரு காலத்தில் தென் கன்னடத்துச் சிறுவர்கள் பகலில் மேஜை துடைத்து, பம்பாயின் இரவுப் பள்ளிகளில் படித்து, பிற்பாடு தாங்களே ஹோட்டல் முதலாளி ஆனார்கள். அந்தப் பெருமைக் கதைக்குப் பின்னால் பல குழந்தைகளின் உழைப்பு இருந்தது. 2006 அக்டோபரில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை ஹோட்டல் வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுத்தது. அது நியாயம். அதன் பிறகு ஊர்ப் பிள்ளைகள் படிப்புக்கும் வேறு வேலைக்கும் போனார்கள். இன்று தோசைக் கல்லின் முன் நிற்பவர் ஒடிசாவிலிருந்தோ, வங்காளத்திலிருந்தோ, அஸ்ஸாமிலிருந்தோ வந்தவராக இருப்பார். கை பழகியவுடன் பக்கத்து ஹோட்டல் கூடுதல் சம்பளம் சொல்லி அழைத்துக்கொள்ளும்.

பெரிய சங்கிலிகளும் செல்போன் செயலிகளும்

1995-ல் பெங்களூர் பிரிகேட் ரோடில் கே.எப்.சி., 1996-ல் டில்லியிலும் பம்பாயிலும் மெக்டொனால்ட்ஸ், அதே வருஷம் பெங்களூரில் கபே காபி டே. 'இனி இட்லி ஹோட்டல் அவ்வளவுதான்' என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அப்படி ஆகவில்லை. பையன்கள் பர்கர் தின்றார்கள், மறுநாள் காலை இட்லிக்கு வந்தார்கள். ஆனால் இந்தப் புதுக் கடைகள் ஏ.சி.யையும், சுத்தமான கழிப்பறையையும், எந்தக் கிளையிலும் ஒரே ருசி என்பதையும் பழக்கிவிட்டன. இதைப் புரிந்துகொண்டு நம் சமையலுக்கே சங்கிலி அமைத்தவர்கள் உண்டு. கார்களாவிலிருந்து சிறுவனாகக் கிளம்பி, கேண்டீனில் பாத்திரம் கழுவிய ஜெயராம் பானன் 1986-ல் டில்லி டிபன்ஸ் காலனியில் 'சாகர்' திறந்தார். அது சாகர் ரத்னா என்று வளர்ந்து, 2011-ல் அதன் பெரும்பங்கை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கும் அளவுக்குப் போயிற்று.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. முதலில் ஏ.சி. இல்லாத ஹோட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. ஹோட்டலுக்கு 18. நவம்பரில் அதை 5 ஆக்கினார்கள். சாப்பிடுகிறவருக்குச் சந்தோஷம். ஆனால் அதோடு, வாங்கும் பொருளுக்கும் வாடகைக்கும் ஹோட்டல் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி போய்விட்டது. கடை வாடகைக்கு 18 சதவீத வரி. சொந்தக் கட்டடக்காரருக்கு அது இல்லை, வாடகைக்காரருக்கு உண்டு. மனை விஷயம் மறுபடியும் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

பிறகு செயலிகள். 2008-ல் வேறு பெயரில் தொடங்கிய ஸொமேட்டோவும், 2014-ல் பெங்களூரில் தொடங்கிய ஸ்விக்கியும் வீட்டு வாசலுக்குச் சாப்பாடு கொண்டு வந்தன. கடன் பிரிவில் நாங்கள் வைத்திருந்த தோராயமான அளவுகோல் இது. நூறு ரூபாய் வியாபாரத்தில் சாமானுக்கு 35, சம்பளத்துக்கு 20 முதல் 25, வாடகைக்கு 10 முதல் 15, கேஸ், மின்சாரம், இதரச் செலவுக்கு 10. மிஞ்சுவது 15 முதல் 25. இதில் செயலிக்குக் கமிஷன் 20-க்கு மேல் போனால் முதலாளிக்கு என்ன இருக்கும்? 2019 ஆகஸ்டில் தேசிய உணவகச் சங்கம் தள்ளுபடித் திட்டங்களை எதிர்த்து, ஆயிரக்கணக்கான ஹோட்டல்கள் அவற்றிலிருந்து விலகும்படியாக ஓர் இயக்கமே நடத்தியது. அதன் புகாரின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்ரலில் இரண்டு நிறுவனங்கள் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது.

இடையில் 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு. ஜூனிலிருந்து சில மாநிலங்களில் பாதி நாற்காலியோடு திறந்தார்கள். மகாராஷ்டிரத்தில் உட்கார்ந்து சாப்பிட அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கமிஷன் அதிகம் என்று செயலியைத் திட்டிய ஹோட்டல்களுக்கு அந்த மாதங்களில் செயலி ஒன்றே வாசல். பிறகு அந்த வாசலைச் சாத்துவது சுலபமாக இல்லை.

நின்றவர்கள் செய்தது

இத்தனைக்கும் பிறகு நிற்பவற்றைப் பார்த்தால் சில பொது லட்சணங்கள் தெரிகின்றன. பட்டியலைச் சுருக்கியவர்கள் நின்றார்கள். பெங்களூர் சங்கரபுரத்தில் 1965-ல் தொடங்கிய பிராமின்ஸ் காபி பாரில் இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், காபி, டீ. சாம்பார் கூடக் கிடையாது, சட்னிதான். நாலு பதார்த்தத்துக்குச் சாமான் வீணாகாது, ஆள் குறைவு, கை தவறாது. தன் இடத்தைச் சொந்தமாக்கிக்கொண்டவர்களும், பழைய வாடகை உரிமை உள்ளவர்களும் நின்றார்கள். ரவா இட்லி போல, தடை வந்தபோது ருசியை விடாமல் முறையை மாற்றியவர்கள் நின்றார்கள்.

கடைசியானதுதான் முக்கியமானது. அடுத்த தலைமுறையில் யாராவது ஒருவர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்படிக்கு வரச் சம்மதித்த இடங்கள் நின்றன. எம்.டி.ஆரில் இன்று ஹேமமாலினி மையாவும் அவர் சகோதரர்களும் நடத்துகிறார்கள். மாடுங்காவில் ராம நாயக்கின் குடும்பம் அதே போர்டிங்கை நடத்துகிறது. இப்படிச் சம்மதிக்காத பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஹோட்டல்காரர் பிள்ளையை நன்றாகப் படிக்க வைத்ததே இந்த வெப்பத்திலிருந்து அவனை விடுவிக்கத்தான். அவன் அமெரிக்கா போனால் தகப்பனாருக்குப் பெருமை, ஹோட்டலுக்கு முடிவு. என் மேஜைக்கு வந்த மனுக்களில் மிகவும் வருத்தப்பட வைத்தவை நஷ்டக் கணக்குகள் அல்ல. லாபத்தில் நடக்கும் ஹோட்டலை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று விற்க, வாங்குபவருக்குக் கடன் கேட்டு வந்தவை. வாங்குகிறவர் பெரும்பாலும் ஹோட்டலுக்காக வாங்குவதில்லை, இடத்துக்காக வாங்குவார்.

நாம் இலையின் இந்தப் பக்கம் இருந்தவர்கள் என்று முன்னே சொன்னேன். அதற்கும் ஒரு பொறுப்பு உண்டு. வேஷ்டியும் டிரங்குப் பெட்டியுமாக அறிமுகமில்லாத ஊரில் இறங்கிய நம் தகப்பனார்களுக்கு, மாதக் கணக்கில் சாப்பாடு போட்டு, சம்பளம் வந்ததும் கொடுங்கள் என்று சொன்ன இடங்கள் இவை. நமது உறுப்பினர்கள் இருக்கும் நகரங்களில் இன்னும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். செயலியில் வரவழைக்காமல் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கமிஷன் இல்லாத அந்த ரூபாய் முழுதாக அவர்களுக்குப் போய்ச் சேரும். கூட்ட நேரத்தில் சாப்பிட்டு முடித்தவுடன் எழுந்துவிடுங்கள். கல்லாவில் இருக்கும் பெரியவரிடம் ஹோட்டல் எந்த வருஷம் தொடங்கியது, யார் தொடங்கினார், முதலில் என்ன பதார்த்தம், இடம் யாருடையது என்று கேட்டு, நாலு வரி எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். கல்கத்தா லேக் மார்க்கெட், டில்லி கரோல்பாக், நாகபுரி, ஜாம்ஷெட்பூர், ஆமதாபாத் அன்பர்கள் எழுதினால் நான் விட்டுவிட்ட பாதிச் சரித்திரம் நிரம்பும். சொல்லக்கூடிய பெரியவர்கள் கல்லாவில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.